குரல் போன ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு மோகனராஜ் கணினியைப் போட்டான். விசிறி சுற்றத் தொடங்கியது. தொடக்கச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய குரல் வரவில்லை.

முதல் நாள் பின்னேரம், பாதுகாப்பு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான். அவன் சம்மதம் கொடுத்துவிட்டு எழுந்து போனான். அது பாதியில் எங்கோ நின்றுபோயிருக்க வேண்டும்.

மோகனராஜுக்கு முப்பத்தொன்பது வயது. பத்தொன்பதில் பார்வை போனது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் கண்ணில் அழுத்தம் கூடியது. வைத்தியத்துக்குப் போகப் பிந்திவிட்டது. இப்போது கண்டி நகரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தொலைபேசி இயக்குநராக வேலை செய்தான். மஹய்யாவையில் இரண்டு அறை வீடு. சனி, ஞாயிறுகளில் ஆய்வாளர்கள் தோட்டங்களில் பதிவுசெய்து அனுப்பும் பேச்சுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுத்தான். ஒரு காதில் ஒலிப்பதிவு, மற்றக் காதுக்கு ஸ்பீக்கரில் கணினியின் குரல். திரையில் இருப்பதையெல்லாம் அந்தக் குரல்தான் வாசித்துச் சொல்லும். அவன் அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லும். பதினொரு வருடமாக அதே குரல்.

கையில் இருந்த வேலை திங்கள் காலை ஒன்பது மணிக்கு முன் கொழும்புக்குப் போய்ச்சேர வேண்டும். இன்னும் நாற்பது நிமிடப் பேச்சு பாக்கி இருந்தது.

கணினியோடு கூடவே வரும் இன்னொரு குரலை அவன் விசைகளை அமத்தி எழுப்பினான். அது ஆங்கிலம் மட்டும் பேசும், அவசரத்துக்கு உதவும். ஆனால் பாதுகாப்பு மென்பொருளின் பெட்டிக்குள் நுழைந்ததும் அந்தக் குரலும் தடுமாறியது. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் பொத்தான்களுக்கு நிறமும் படமும் கொடுத்திருந்தார்கள். குரல் வாசிக்கும்படி பெயர் கொடுக்கவில்லை. அவன் ஒவ்வொன்றாகத் தாண்டத் தாண்ட அது "பட்டன்" என்றது. மறுபடியும் "பட்டன்" என்றது. எது எதற்கு என்று சொல்லவில்லை.

மனைவி கஜனி, தங்கச்சியின் பிரசவத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போய் நாலு நாளாகிறது. அவளுடைய போன் பழுதாகிக் கடையில் கிடந்ததால் அவனுடைய டச் போனைக் கொண்டுபோயிருந்தாள். கமராவால் திரையைக் காட்டி வாசிக்கவைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவனிடம் இருந்தது ஒரு பட்டன் போன். அதில் ஸிபானைக் கூப்பிட்டான். ஸிபான் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கணினி திருத்தும் கடை வைத்திருந்தான்.

"மோகன், நான் அக்குறணைல கலியாண ஊட்டுல ஈக்கேன் மச்சான்," என்றான் ஸிபான். பின்னால் பீங்கான் சத்தம் கேட்டது. "செவ்வாக்கெழமதான் வரலாம். என்ன நடந்த?"

மோகனராஜ் சொன்னான்.

"வெளங்கிட்டு. பழசு முழுசா போகல்ல, புதுசு முழுசா வரல்ல. ரெண்டும் வாசல்ல நின்டு மல்லுக்கட்டுது. உன்ட குரல வைரஸ்னு நெனச்சுத் தனிமைப்படுத்தி ஈக்கும், கொரோனா நேரம் நம்மளப் போட்ட மாதிரி. மொதல்ல அத வெளில எடு. ரெஸ்டோர்னு ஒரு பட்டன் ஈக்கி. பொறகு பழசத் தொடச்செடுக்க ஒரு சின்ன புரோகிராம் ஈக்கி, அந்தக் கம்பனிட சைட்லயே எடுக்கலாம். சேஃப் மோட்ல போய் அத ஓட்டணும்."

"சேஃப் மோட்ல சத்தமே வராதே."

"அதுதான். கண்ணுள்ள ஓராள் பக்கத்துல வேணும்."

போனை வைத்துவிட்டு மோகனராஜ் யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தான். தன் திரையை இன்னொருவர் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது. கந்தோரில்கூட அவன் அப்படி யாரையும் விட்டதில்லை. அரை மணித்தியாலம் அப்படியே போயிற்று. அந்த ஆங்கிலக் குரலின் துணையோடு, ஸிபான் சொன்ன புரோகிராமை இணையத்தில் தேடி இறக்கி வைத்தான். அதுவரைக்கும் அவனால் தனியே முடிந்தது.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுத் துஷ்யந்தி வந்தாள். மாநகர சபையில் துப்புரவுப் பிரிவில் வேலை. முப்பத்திரண்டு வயது. தான் திரும்பி வரும்வரை காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கஜனி அவளிடம்தான் கேட்டிருந்தாள்.

"மோகண்ணே, ரொட்டியும் கட்டசம்பலும் இருக்கு. மேசைல வைக்கவா?"

"வை. உனக்கு இன்னைக்கு வேலையா?"

"லீவுங்கண்ணே."

"அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் இரு. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லணும்."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"கண்ணாடி கொண்டு வரல்லியே," என்றாள்.

"எழுத்துப் பெருசாத்தான் இருக்கும். ரெண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. ஒன்னு பச்சை, ஒன்னு சாம்பல்."

"ஒன்னுல ரெஸ்டோர்னு இருக்கும். மத்ததுல ரிமூவ்னு இருக்கும். ரெஸ்டோர் மொதல்ல இருக்கா, ரெண்டாவதா?"

"மொதல்ல," என்றாள் துஷ்யந்தி. "பச்சையில."

அவன் முதலாவது பொத்தானுக்குப் போய் அமத்தினான். ஏதோ ஓடியது. சில வினாடிகளில் அந்த ஆங்கிலக் குரல் ஓர் அறிவிப்பை வாசித்தது. தனிமைப்படுத்தி வைத்திருந்த கோப்புகள் நிரந்தரமாக அழிக்கப்பட்டுவிட்டன என்றது.

மோகனராஜ் அந்த அறிவிப்பை இன்னொரு முறை வாசிக்கவைத்தான். அதே வாக்கியந்தான்.

"துஷ்யந்தி, அந்தப் பச்சைப் பட்டன்ல என்ன எழுத்து இருந்துச்சு?"

"ஆர்."

"அதுக்கப்புறம்?"

"ஈ."

"அப்புறம்?"

"எம்," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது.

அவன் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போனது அந்தக் குரல் மட்டுமல்ல. குரலை இணையத்திலிருந்து மறுபடியும் எடுத்துவிடலாம், இலவசந்தான். ஆனால் அந்தக் கோப்புறைக்குள் அவனுடைய சொல்லகராதியும் இருந்தது. தமிழில் 'பஸ்' என்று எழுதினால் குரலுக்கு அது பேருந்து என்று தெரியாது. முதல் எழுத்தை 'பல்'லில் வருவதுபோல அழுத்திச் சொல்லும். பங்களா, டிவிசன், டிஸ்பென்சரி, டொக்டர், தோட்டங்களின் சிங்களப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் எப்படிச் சொல்ல வேண்டும் என அவன் எழுதிப் பழக்கியிருந்தான். பதினொரு வருடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை.

"உனக்கு இங்கிலீஸ் வாசிக்க வராதா?"

"எழுத்துத் தெரியும்," என்றாள். "ஏபிசிடி எல்லாம் தெரியும். சேத்து வாசிக்க வராது. எட்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. அந்த ஸ்கூல்ல இங்கிலீசுக்கு டீச்சரே இருக்கல்ல."

"கஜனிட்ட பதினோராம் வகுப்பு ஓ.எல். வரைக்கும் படிச்சேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமே."

"நீங்க ரெண்டு சொல்லு சொன்னீங்க. ரெண்டுலயும் ஆர் ஈ-ன்னுதான் தொடங்குச்சு. பச்சைதானே நல்லதா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

மோகனராஜுக்குக் கோபம் வந்தது. அவன் சத்தம் போடுகிறவன் அல்ல. "நீ இப்ப போ," என்றான். அவள் எழுந்து போனாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கி அடுத்த வாசலில் நின்றது.

ரொட்டி ஆறிப்போயிருந்தது. அவன் ஒன்றைப் பிய்த்துத் தின்றான். வேறு யாரைக் கூப்பிடலாம் என்று மறுபடியும் நினைத்துப் பார்த்தான். மேல்வரிசை வீட்டு நடராஜா மாஸ்டருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் அவர் திரையைப் பார்த்ததும் தானே எல்லாவற்றையும் அமத்தத் தொடங்கிவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார், தனக்குப் புரிந்ததைச் சொல்வார். அரைகுறையாகப் புரிந்துகொண்டு சொன்னதால்தான் இப்போதும் கெட்டது. எழுத்தைப் பார்த்து எழுத்தை மட்டும் சொல்கிற ஆள் தவறு செய்ய இடம் குறைவு. இப்படி யோசித்து முடிக்க அவனுக்கு ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் ஆனது.

வாசலுக்குப் போய்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு கூப்பிட்டான்.

"துஷ்யந்தி!"

அவள் கதவைத் திறந்தாள்.

"வா. இன்னும் வேலை இருக்கு."

"வேற யாரையாச்சும் கூப்பிடுங்கண்ணே. நான் இன்னும் எதையாச்சும் அழிச்சிருவேன்."

"அழிக்கிறதுக்கு இனி ஒன்னுமில்ல. நீ சொல்லு வாசிக்க வேணாம். எழுத்த மட்டும் சொல்லு. முதல் எழுத்துலருந்து கடைசி எழுத்து வரைக்கும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பதினொரு மணிக்குக் கணினியைச் சேஃப் மோடில் திறந்தார்கள். அந்த நிலையில் அத்தியாவசியமான பகுதிகள் மட்டுமே இயங்கும், ஒலி வராது. மோகனராஜுக்கு அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கடவுச்சொல்லை அடித்தான். உள்ளே போனதா இல்லையா என்று தெரியவில்லை.

"என்ன தெரியுது?"

"கறுப்பா இருக்கு. நாலு மூலையிலயும் எழுதியிருக்கு. எஸ், ஏ, எஃப், ஈ."

"சரி. உள்ள வந்துட்டோம்."

இறக்கி வைத்த புரோகிராம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதைத் திறக்கும் விசைகளும் விரல்களுக்குத் தெரியும். அவன் அடித்தான், அவள் வந்ததைச் சொன்னாள். ஒரு வரியைச் சொல்லி முடிக்கவே நேரம் எடுத்தது. ஒருமுறை அவள் தொடர்ந்து ஐம்பது அறுபது எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் அவற்றை மனதுக்குள் சேர்த்துப் பார்த்தான். கடைசியில் அது எதற்கும் உதவாத பதிப்புரிமை வாசகம் என்று தெரிந்தது.

"அது வேணாம். கீழ பட்டன் இருக்கா?"

"மூணு இருக்கு. சி, ஏ, என், சி, ஈ, எல்."

"அது கான்சல். அதுக்கடுத்தது?"

"என், ஈ, எக்ஸ், டி."

அவன் அதற்குப் போய் அமத்தினான்.

அடுத்த பெட்டியில் ஒரு படம் வந்தது. படத்துக்குள் கோணல்மாணலாகச் சில எழுத்துகள், குறுக்கே கோடு. அவற்றைப் பார்த்து அடிக்க வேண்டும். மனிதர்தான் இதைச் செய்கிறார் என்று உறுதிப்படுத்துவதற்காக வைத்தது. பார்வையற்றவர்களுக்கென்று வேறு வழி அந்தப் பெட்டியில் இருக்கவில்லை.

"இது ஒரு சொல்லு மாதிரி இல்லியே," என்றாள் துஷ்யந்தி. "கே, ஏழு, டபிள்யூ, பி, ஓ, எச்."

அவன் அடித்தான். சிவப்பு நிறத்தில் ஏதோ வந்தது என்றாள். புதிய படம் வந்தது. அதையும் ஏற்கவில்லை.

"பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

"எழுத்தெல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கு."

"அளவக் கேக்கல்ல. கெப்பிட்டல் இருக்கே, அதுவா? உன் பேர எழுதும்போது முதல்ல போடுவியே, அது."

அவள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். மூச்சு அவன் கையில் பட்டது. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் கெப்பிட்டல், சின்னது என்று சேர்த்துச் சொன்னாள். நாலாவது குறி ஓ-வா, பூச்சியமா என்று கேட்டான். "முட்டை மாதிரி நீளமா இருக்கு," என்றாள். பூச்சியம் அடித்தான்.

"போச்சு," என்றாள் அவள் சட்டென்று.

"என்ன போச்சு?"

"இல்லண்ணே, அந்தப் பெட்டி போயிருச்சு. இப்ப ஒரு கோடு வந்து நீளுது. நம்பர் ஓடுது. நாலு. ஆறு."

படத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. மோகனராஜ் கதிரையில் சாய்ந்தான். அதற்குப் பிறகு அவர்கள் செய்ய ஒன்றுமில்லை. அவள் எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டில் நீண்ட நேரம் நின்றது.

"நின்னுருச்சாண்ணே?"

"தெரியல. பார்ப்போம்."

காத்திருந்த நேரத்தில் அவள், "சபையில ஓவர்சியருக்கு உதவியா ஒரு வேலை வந்துச்சு," என்றாள். "பதிவுப் புத்தகம் எழுதுற வேலை. ரோட்டுல நிக்கத் தேவையில்ல. நான் கேக்கவே இல்ல. கேட்டா வாசிக்கச் சொல்லுவாங்கல்ல."

"எந்த மொழில எழுதணும்?"

"சிங்களம், தமிழ். ரோட்டுப் பேரு மட்டும் இங்கிலீஸ்ல."

"சிங்களம் வாசிப்பியா?"

"அது நல்லா வாசிப்பேன். எழுதுவேன்."

"பிறகென்ன?"

அவள் சிரித்த மாதிரி இருந்தது. "நாப்பத்தொன்னு," என்றாள்.

ஒன்றரை மணிக்கு நூறு வந்தது. இனிச் சாதாரண நிலைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கணினி ஒவ்வொரு தடவையும் ஊமையாகவே திறக்கும். அதை அவன் விசையால் எடுத்தான். எடுபட்டதா என்று கேட்டான். "கட்டம் வெறுமையா இருக்கு," என்றாள். நிச்சயமா என்று கேட்டான். "கட்டம் வெறுமையா இருக்கு," என்று அதே சொற்களைத் திரும்பவும் சொன்னாள்.

கணினி அணைந்து எழுந்தது. தொடக்கச் சத்தம் வந்தது. மோகனராஜ் ஆங்கிலக் குரலை எழுப்பி, தன்னுடைய பழைய குரலைப் புதிதாக இறக்கிப் போட்டான். அது வந்ததும் முதலில் தன் பெயரைச் சொன்னது. பிறகு தமிழில், திரையில் என்ன இருக்கிறது என்று சொன்னது.

"இதுதானா அது?" என்று கேட்டாள் துஷ்யந்தி. "சுவர் வழியா ஒவ்வொரு நாளும் கேக்கும். நீங்க ரேடியோ போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

பாதுகாப்பு மென்பொருளின் புதிய பதிப்பைப் போடும் வேலை மிச்சமிருந்தது. அதைப் போட்டதும் முதல் வேலையாக, குரலைத் தொடக்கூடாது என்று விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புதிய பெட்டியிலும் பொத்தான்களுக்குப் பெயரில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த முறை, "சி, ஏ..." என்று தொடங்கிவிட்டு, "கான்சல்," என்றாள்.

"முழுசாச் சொல்லு."

"அதான் தெரியுமே அண்ணே."

"தெரிஞ்சாலும் சொல்லு."

"என், சி, ஈ, எல்," என்றாள், கொஞ்சம் எரிச்சலோடு.

மூன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது. அவள் ரொட்டி கொண்டுவந்த பீங்கானை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் நன்றி சொன்னான். அவள், "நான் அழிச்சது திரும்ப வந்துருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அந்த மாலை முழுவதும் அவன் மிச்ச நாற்பது நிமிடத்தைத் தட்டச்சு செய்தான். ஒலிப்பதிவில் ஒரு பெண், லயத்துக் கூரை ஒழுகுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வேகமாகச் செய்ய முடியவில்லை. குரல் திருப்பிச் சொல்லும் சொற்களில் பாதி அந்நியமாக இருந்தன. பிழையாக அடித்தானா, குரல் பிழையாகச் சொல்கிறதா என்று ஒவ்வொரு முறையும் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டு மணிக்கு முடித்து அனுப்பினான். கிடைத்தது என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது.

புதன்கிழமை கஜனி வந்தாள். தங்கச்சிக்கு ஆண் பிள்ளை, மூன்று கிலோவுக்கு மேல். அதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினாள். பேசிக்கொண்டே உடுப்புகளை அலுமாரிக்குள் அடுக்கினாள். அவனுடைய டச் போனோடு இணைத்திருந்த கணினியில், அவள் பெயருக்கு ஒரு குறுஞ்செய்தி அப்போதுதான் விழுந்தது. குரல் அவள் பெயரைத் தடித்த உச்சரிப்பில், 'கல்'லின் முதல் எழுத்தைப்போல, அழுத்திச் சொன்னது.

"என்ன, என் பேரையே மறந்துருச்சு?"

"அப்டேட் செய்யும்போது பழகினதெல்லாம் அழிஞ்சிருச்சு," என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டு நேரம் கழித்து வந்தாள். வாளியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"துஷ்யந்திதானாமே அழிச்சது."

"யார் சொன்னா?"

"அவளே சொன்னா, குழாயடில வச்சு. ஓ.எல். படிச்சது பொய்யின்னும் சொன்னா. அஞ்சாறு பேர் நின்னாங்க, அவங்களுக்கு முன்னாலதான் சொன்னா. நீங்க ஏன் என்கிட்டச் சொல்லல்ல?"

மோகனராஜ் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஏழேகால் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"பட்டன அமத்தினது நான்," என்றான்.

கஜனி வாளியை மூலைக்குத் தள்ளினாள். "ஓவர்சியர் வேலைக்கு எழுதிப் போடப் போறாளாம். ரோட்டுப் பேரெல்லாம் இங்கிலீஸ்ல வேணுமாம், எழுதித் தரச் சொன்னா. எனக்கு எங்க அத்தனை ரோடு தெரியும்."

"எனக்குத் தெரியும்," என்றான் அவன். "பின்னேரம் வரச் சொல்லு. அவளே எழுதட்டும், நான் எழுத்துச் சொல்றேன்."

கைத்தடியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அடுத்த வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. துஷ்யந்தி குழாயடியிலிருந்து வந்ததும் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.